உருக்கினுள்ளே ஓர் எதிரொலி
மறைந்துள்ள குறைகளைத் தேடலும் இரைச்சலைக் குறைத்தலும்

 

சந்தையில் மண்சட்டி வாங்கும் நம் தாய்மார் அதனை முதலிற் கண்ணாற் பார்ப்பர். பின்னர் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பர். 'ணங்' என்று ஒலித்தாற் சட்டி நல்லது. ஒலி கரகரத்தால் எங்கோ ஒரு கீறல் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத குறையைக் காது சொல்லிவிடுகின்றது. நாம் வாழும் இவ்வளைகுடா நாடுகளில் எண்ணெய்க் குழாய்களையும் வாயுத் தொட்டிகளையும் கப்பல்களையும் சோதிப்போர் செய்வதும் இதே வேலைதான். அவர்கள் தட்டும் 'விரல்' மட்டும் வேறு. இங்குள்ள நம் மாணவருட் சிலருடைய தந்தையர் அத்தொழிலில் உள்ளனர். ஆயினும் 'அப்பா என்ன வேலை செய்கின்றார்?' என்று கேட்டால், 'கம்பனியில்' என்பதற்கு மேல் விடை வருவதில்லை. ஆகவே அத்தொழிலின் உள்ளே உள்ள அறிவியலை எளிய தமிழில் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீயொலி என்பது யாது?

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கேட்க வல்லது. அதற்கு மேற்பட்ட அதிர்வெண்ணையுடைய ஒலியைத் தமிழகத்து நூல்கள் 'மீயொலி' என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் 'கழியொலி' என்கின்றன. அதிர்வெண்ணையே ஈழத்து நூல்கள் 'மீடிறன்' என வழங்கும். சொற்கள் வேறாயினும் பொருள் ஒன்றே. நம் வகுப்பில் இருகரைப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்திருப்பதால் இவ்விரு வழக்குகளையும் அறிந்துகொள்ளல் நன்று.

பிரான்சிய சகோதரர்களான ஜாக் கியூரி, பியர் கியூரி ஆகிய இருவரும் 1880 ஆம் ஆண்டில் ஒரு விந்தையைக் கண்டறிந்தனர். குவார்ட்சு போன்ற சில பளிங்குகளை அமுக்கினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுகின்றது. மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் அவை அதிர்கின்றன என்பதும் பின்னர் உறுதியாயிற்று. இதனைப் பயன்படுத்தி முதல் உலகப் போர்க் காலத்தில் போல் லாங்ஷெவன் என்பார் நீருள் மீயொலியை அனுப்பி எதிரொலியைப் பெற்றார். உலோகங்களிலுள்ள குறைகளை மீயொலி கொண்டு தேடலாம் என்பதை 1920களின் இறுதியில் ரஷ்ய அறிஞர் சொக்கொலோவ் எடுத்துரைத்தார். எதிரொலி முறையிலான கருவிக்கு அமெரிக்கரான ஃபயர்ஸ்டோன் 1940 இல் விண்ணப்பித்து 1942 இல் காப்புரிமை பெற்றார். நமது திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன், நாகேந்திரநாத் என்பவருடன் சேர்ந்து, மீயொலி செல்லும் நீர்மத்தில் ஒளி எவ்வாறு விலகுகின்றது என்பதற்கான கோட்பாட்டை 1935-36 ஆம் ஆண்டுகளிற் பெங்களூரில் வகுத்தார் என்பதும் நாம் நினைவிற் கொள்ளத் தக்கதே.

சோதனை நிகழும் முறை

சோதிப்பவர் கையில் 'புரோப்' எனப்படும் சிறிய ஆய்முனை இருக்கும். அதனுள் அதிரும் பளிங்குத் தகடு உண்டு. ஆய்முனைக்கும் உருக்குக்கும் இடையிற் காற்று இருந்தால் ஒலி ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். ஆதலால் கூழ் போன்ற ஜெல்லைப் பூசி முனையை அதன்மேல் வைப்பர். நுண்ணிய ஒலித்துடிப்பு ஒன்று உருக்கினுள் இறங்கும். அடிப்பரப்பிற் பட்டுத் திரும்பும். வழியில் வெடிப்போ வெற்றிடமோ இருப்பின் அதிலிருந்து முன்கூட்டியே ஓர் எதிரொலி வரும். கருவியின் திரையில் ஒவ்வோர் எதிரொலியும் ஒரு கூர்முகடாகத் தோன்றும்.

உருக்கில் இவ்வொலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 5900 மீற்றர். அதாவது மைக்கிரோசெக்கனுக்கு 5.9 மில்லிமீற்றர். 20 மில்லிமீற்றர் தடித்த தகட்டில் ஒலி போய்த் திரும்ப 40 மில்லிமீற்றர் பயணம் செய்தல் வேண்டும். 40 ஐ 5.9 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.8 மைக்கிரோசெக்கன். அந்நேரத்துக்கு முன்னர் ஒரு முகடு எழுந்தால் 'இடையில் ஏதோ உண்டு' என்பது பொருள். அபுதாபியின் ஹப்ஷானிலிருந்து புஜைரா வரை பாலைவனத்தையும் மலையையும் கடந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நீளும் எண்ணெய்க் குழாய் 2012 இல் இயங்கத் தொடங்கியது. அத்தகைய குழாயொன்றில் எத்தனை வெல்டிங் இணைப்புகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை வெட்டிப் பார்த்துச் சோதிக்க இயலாது. ஒலிதான் உட்சென்று பார்த்து வருதல் வேண்டும்.

இரைச்சல் இரு வகை

இவ்வளவுதான் என்றால் வேலை எளிது. ஆனால் திரையில் ஒரு முகடு மட்டும் தோன்றுவதில்லை. புல்வெளி போல அடியிலிருந்து எண்ணற்ற சிறு முகடுகள் எழுகின்றன. இவற்றையே 'இரைச்சல்' என்கின்றோம். குறையின் எதிரொலி இப்புல்லினுள் ஒளிந்துகொள்கின்றது. எதிரொலியின் உயரம் இரைச்சலின் உயரத்தைப்போல் இருமடங்கானால் அதனை 6 டெசிபெல் என்றும், பத்து மடங்கானால் 20 டெசிபெல் என்றும் கணக்கிடுவர். இவ்விகிதம் உயர உயரத் தீர்ப்பு உறுதியாகும்.

இரைச்சலை நன்கு விளங்கிக்கொள்ள நமது விழா மண்டபத்தையே உவமையாகக் கொள்வோம். மண்டபம் நிறைய மக்கள் பேசிக்கொண்டிருக்கின்றனர். மேடையின் மூலையிலிருந்து ஒரு குழந்தை மெல்லிய குரலில் 'அம்மா' என்று அழைக்கின்றது. தாய்க்கு அது சரியாகக் கேட்கவில்லை. குழந்தை பதினாறு முறை அழைத்தால் என்னாகும்? மக்களின் பேச்சு ஒவ்வொரு கணமும் மாறுகின்றது, அழைப்பு மாறுவதில்லை. ஆகவே திரும்பத் திரும்பக் கேட்கும்போது அழைப்பு மேலோங்கித் தெரிகின்றது. இது முதல் வகை: தற்செயலாக மாறிக்கொண்டேயிருக்கும் இரைச்சல். கருவியின் மின்சுற்றிலும் அயலிலுள்ள வெல்டிங் இயந்திரங்களிலும் இருந்து வருவது இத்தகையது.

இரண்டாம் வகை வேறு. மண்டபத்தின் தூண்களும் சுவர்களும் குழந்தையின் குரலையே பலவாறாக எதிரொலித்துக் குழப்புகின்றன எனக் கொள்வோம். குழந்தை நூறு முறை அழைத்தாலும் தூண்கள் நூறு முறையும் அதே குழப்பத்தையே தரும். இங்கு மீண்டும் மீண்டும் கேட்பதனாற் பயனில்லை. தாய் இடம் மாறி நின்று கேட்டல் வேண்டும்; அன்றேல் குழந்தை குரலின் சுருதியை மாற்றுதல் வேண்டும். உலோகத்தில் இத்தூண்களாக நிற்பவை யாவை? உலோகம் வெண்ணெய் போல ஒரே சீரான பொருள் அன்று. அது எண்ணற்ற நுண்பளிங்குகள் நெருங்கி அடுக்கியது. அவற்றை 'மணிகள்' என்போம். ஒவ்வொரு மணியின் எல்லையிலும் ஒலி சிறிது சிதறுகின்றது. இச்சிதறல்கள் ஒன்றுகூடி வருவதே மணியிரைச்சல்.

துருப்பிடிக்காத உருக்கின் தொல்லை

மணிகள் மிகச் சிறியனவாயின் தொல்லை குறைவு. சாதாரண உருக்கு குளிரும்போது அதன் பளிங்கமைப்பு மாறுவதால் மணிகள் நுண்மையாகின்றன. ஆனால் 'ஆஸ்டெனைட்' வகைத் துருப்பிடிக்காத உருக்கில் அம்மாற்றம் நிகழ்வதில்லை. அதனை வெல்டிங் செய்யும்போது மணிகள் தூண்களைப்போல் நீண்டு வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. ஒலிக்கற்றை அவற்றிடையே சிதறுவது மட்டுமன்றி வளைந்தும் செல்கின்றது. எதிரொலி ஓரிடத்திலிருந்து வர, கருவி வேறோர் இடத்தைக் காட்டும்.

இவ்வுருக்கைத் தவிர்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இயலாது. இயற்கை வாயுவைத் திரவமாக்க அதனைச் சுழியின் கீழ் ஏறத்தாழ 162 பாகை வரை குளிர்வித்தல் வேண்டும். அக்குளிரிற் சாதாரண உருக்கு கண்ணாடி போல நொறுங்கும். ஆஸ்டெனைட் உருக்கு உறுதி குலையாது. அபுதாபியின் தாஸ் தீவிலிருந்து 1977 இலும், கட்டாரின் ராஸ் லஃபானிலிருந்து 1996 இறுதியிலும் திரவ வாயு ஏற்றுமதி தொடங்கியது. அத்தகைய ஆலைகளின் குளிர்க்குழாய்களிற் பெரும்பாலும் இவ்வுருக்கே பயன்படுகின்றது. குளிரூட்டிய வாயுவைக் காக்கும் கலம் பிளந்தால் நேர்வது என்ன என்பதனையும் இவ்வளைகுடா கண்டிருக்கின்றது. 1977 ஏப்பிரல் 3 ஆம் நாள் கட்டாரின் உம் சயீதில் குளிரூட்டிய புரொப்பேன் நிறைந்த பெருந்தொட்டியொன்று உடைந்து தீப்பற்றியதில் எழுவர் உயிரிழந்தனர்.

தமிழ்நாட்டிலும் இதே சிக்கல் வேறொரு வடிவில் எழுந்தது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971 இல் தொடங்கப்பெற்ற அணு ஆராய்ச்சி நிலையம் இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையம் என வழங்குகின்றது. அங்கே 1985 ஒக்டோபரில் வேக ஈனுலை ஒன்று இயங்கத் தொடங்கியது. அதன் வெப்பத்தைச் சுமந்து செல்வது நீர் அன்று, உருகிய சோடியம். சோடியம் நீரோடு சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை இரசாயன ஆய்வுகூடத்திற் பார்த்த மாணவர் அறிவர். அதனைத் தாங்கும் கலங்களும் குழாய்களும் ஆஸ்டெனைட் உருக்காலானவை. ஆகவே இரைச்சல் மிகுந்த அவ்வுருக்கின் வெல்டிங்கிற் சிறு குறையையும் கண்டுபிடித்தாக வேண்டிய கட்டாயம் கல்பாக்கத்து அறிஞர்க்கு இருந்தது. முனைவர் பல்தேவ் ராஜ் முதலானோர் குறையின் எதிரொலியை இரைச்சலினின்று பிரித்தறியும் கணிப்பு முறைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அவர் 2004 முதல் 2011 வரை அந்நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கினார். சிதைக்காமற் சோதிக்கும் இக்கலையைத் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை ஆராயவும் அவரும் அவர் குழுவினரும் பயன்படுத்தினர் என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இரைச்சலைக் குறைக்கும் வழிகள்

இனி வழிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

1. சராசரி காணல். ஒரே இடத்திற் பல முறை ஒலியை அனுப்பிப் பதிவுகளின் சராசரியை எடுத்தல். 16 பதிவுகளின் சராசரியில் தற்செயல் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். 64 பதிவுகளாயின் எட்டில் ஒன்றாகும். அதாவது பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலப்படி இரைச்சல் குறையும். விலை: நேரம். மணியிரைச்சலுக்கு இவ்வழி பயன்படாது.

2. அதிர்வெண்ணைத் தாழ்த்தல். அலைநீளத்தை நோக்க மணிகள் மிகச் சிறியனவாயின், சிதறலால் ஏற்படும் வலுவிழப்பு அதிர்வெண்ணின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 5 மெகாஹேர்ட்ஸை 2.5 ஆகத் தாழ்த்தினால் அது பதினாறில் ஒன்றாகும். விலை: அலைநீளம் 1.2 மில்லிமீற்றரிலிருந்து 2.4 ஆக நீளும்; சிறு குறைகள் கண்ணிற் படாமற் போகும்.

3. கற்றையைக் குவித்தல். ஒலி ஒரே வேளையில் எத்துணைக் குறைந்த மணிகளைத் தொடுகின்றதோ அத்துணை இரைச்சல் குறையும். ஆகவே ஆழத்துக்கேற்ப ஒலியைக் குவிப்பர். அனுப்பும் முனையையும் கேட்கும் முனையையும் தனித்தனியே வைத்து, இரண்டும் ஓரிடத்தையே நோக்குமாறு சாய்ப்பதும் ஆஸ்டெனைட் வெல்டிங்கில் வழக்கம். விலை: குவிந்த ஆழத்துக்கு அப்பால் பார்வை மங்கும், பல முனைகள் தேவைப்படும்.

4. நிறமாலையைப் பிரித்தல். 1982 இல் நியூஹவுஸ் முதலான அறிஞர் வெளியிட்ட முறை இது. திரும்பி வரும் ஒலியைக் கணினி பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கின்றது. மணியிரைச்சல் என்பது பல சிறு எதிரொலிகளின் கூட்டு. அதிர்வெண் மாறினால் அக்கூட்டும் மாறும். பெருங்குறையின் எதிரொலியோ பெரிதும் மாறாது. ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். நான்கு பட்டைகளில் 'அ' என்னும் இடத்தின் உயரங்கள் 6, 5, 6, 5 எனவும், 'ஆ' என்னும் இடத்தின் உயரங்கள் 9, 1, 4, 2 எனவும் கொள்வோம். முதற் பட்டையை மட்டும் பார்த்தவர் 'ஆ' வே குறை என்பார். ஒவ்வோர் இடத்திலும் மிகச் சிறிய எண்ணை மட்டும் எடுத்தால் 'அ' வுக்கு 5, 'ஆ' வுக்கு 1. உண்மை வெளிப்பட்டுவிட்டது. விலை: மெய்யான குறை ஏதேனும் ஒரு பட்டையில் மட்டும் மங்கினாலும் இம்முறை அதனை அடியோடு அழித்துவிடும்.

5. பல கோணங்களிற் கேட்டல். இன்று ஒரே ஆய்முனையிற் பல சிறு தகடுகளை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றாக அனுப்பி, எல்லாவற்றாலும் கேட்கின்றனர். கணினி எல்லாப் பதிவுகளையும் சேர்த்து ஒவ்வொரு புள்ளியிலும் குவிக்கின்றது. இம்முறையைப் பிரித்தானியாவின் பிரிஸ்டல் பல்கலைக்கழக அறிஞர் 2005 இல் விரிவாக விளக்கினர். தாய் மண்டபத்தின் பல இடங்களில் நின்று கேட்பது போன்றது இது. விலை: கருவியின் பெறுமதியும் கணிப்பின் பாரமும். அன்றியும், உருக்கினுள் ஒலி வளைந்து செல்வதைக் கணினி அறியாதாயின் குவியமும் பிழைக்கும்.

தப்பிய ஒரு குறை

1989 ஜூலை 19 ஆம் நாள் அமெரிக்காவின் சியூ சிட்டி விமான நிலையத்தில் 296 பேருடன் ஒரு விமானம் நொறுங்கியது; 112 பேர் மாண்டனர். வால் எஞ்சினிலிருந்த தைத்தானியச் சக்கரம் பறக்கும்போதே பிளந்தது காரணம். உலோகத்தை உருக்கி வார்த்தபோதே நைதரசன் மிகுந்த ஒரு சிறு பகுதி அதனுள் உறைந்துவிட்டது. அவ்விடத்திலிருந்து வெடிப்பு ஆண்டுக்காண்டு வளர்ந்தது. உற்பத்தியின்போது நடந்த மீயொலிச் சோதனையில் அக்குறை வெளிப்படவில்லை. பின்னர் நடந்த பராமரிப்புச் சோதனையில் வெடிப்பும் வெளிப்படவில்லை. தைத்தானியமும் மணியிரைச்சல் மிக்க உலோகமே. இதன் பின்னர், உருளையின் ஆழத்தைப் பல வலயங்களாகப் பிரித்து ஒவ்வொரு வலயத்துக்கும் தனியே குவித்த ஆய்முனை கொண்டு சோதிக்கும் முறை வளர்ந்தது. நாம் மேலே கூறிய மூன்றாம் வழியே அது.

அமைதியான திரை

சோதனைக் கருவிகளில் 'ரிஜெக்ட்' என்றொரு வசதி உண்டு. அதனைக் கூட்டினாற் குறித்த உயரத்துக்குக் கீழுள்ள முகடுகள் யாவும் திரையிலிருந்து மறைந்துவிடும். திரை துடைத்த பலகை போல அழகாக இருக்கும். ஆனால் இரைச்சலோடு சேர்ந்து சிறு குறைகளின் எதிரொலிகளும் மறைந்துவிட்டன. இது இரைச்சலைக் குறைத்தல் அன்று, காதைப் பொத்திக்கொள்ளல். மேலே கூறிய ஐந்து வழிகளும் குறையின் குரலை இரைச்சலுக்கு மேலே உயர்த்த முயல்வன. இதுவோ இரண்டையும் ஒன்றாகப் புதைப்பது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல பரிசோதகர்.

கோடை வெயிலிற் சாரத்தின் மேல் நின்று, வியர்வை வழிய, கையுறைக்குள் முனையைப் பிடித்து, 'இன்னும் எத்தனை இணைப்பு மிச்சம்?' என்று கீழிருந்து குரல் எழும்பும்போது, ஐயமான ஒரு முகட்டை மறுபடியும் நின்று பார்ப்பது எளிதன்று. இரைச்சலைக் குறையென்று எழுதினால் நல்ல இணைப்பை வீணே வெட்டி மீண்டும் பற்றவைக்க நேரும். பணமும் காலமும் போகும். குறையை இரைச்சலென்று எழுதினால் போவது எவருடைய உயிரோ! இவ்விரு தவறுகளும் சமமானவை அல்ல. அறிக்கையின் அடியில் இடும் கையொப்பத்தின் பாரம் அதுவே.

மாணவர்களே! உங்கள் தந்தையரோ மாமன்மாரோ இத்தொழிலில் இருப்பின், இவ்விடுமுறையில் அவர்களிடம் தமிழிலேயே கேளுங்கள்: ஐயமான முகடு தோன்றினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெற்றோர்களே! விடையைத் தமிழிலேயே சொல்லுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் 'புரோப்' என்றும் 'வெல்டிங்' என்றும் சொல்வதிற் குற்றமில்லை. தொழிலைப் பற்றிப் பேசாத மொழி பிள்ளைகளுக்கு விழா மேடை மொழியாக மட்டுமே எஞ்சிவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. 50 மில்லிமீற்றர் தடித்த உருக்குத் தகட்டில் 12 மைக்கிரோசெக்கனில் ஓர் எதிரொலி வந்தது. அது எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது? அடிப்பரப்பின் எதிரொலி எப்போது வரும்?

2. தற்செயல் இரைச்சலைப் பத்தில் ஒன்றாக்க எத்தனை பதிவுகளின் சராசரி வேண்டும்?

3. 'இ' என்னும் இடத்தில் நான்கு பட்டைகளின் உயரங்கள் 6, 6, 0, 5. மிகச் சிறிய எண்ணை எடுக்கும் முறை இதனைப் பற்றி என்ன சொல்லும்? நீங்கள் பரிசோதகராயின் அத்துடன் நிறுத்துவீர்களா? காரணம் கூறுக.

விடைகள்: முதல் வினாவுக்கு 35.4 மில்லிமீற்றர், ஏறத்தாழ 16.9 மைக்கிரோசெக்கன். இரண்டாவதற்கு 100. மூன்றாவதை வீட்டிற் பெரியோருடன் கலந்து பேசி எழுதி வருக.